ஓடும்போது நாடி சொல்வதும் மூச்சு சொல்வதும்

கடலூர் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரைக்கு விடிகாலையில் ஓட வருகிறவர்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையினரின் மணிக்கட்டில் ஸ்மார்ட் வாட்ச் இருக்கும். கொஞ்ச தூரம் ஓடுவதும் கையைத் திருப்பிப் பார்ப்பதுமாக இருப்பார்கள். இதயத்துடிப்பு 150-ஐத் தாண்டினால் வேகத்தைக் குறைப்பார்கள். 130-க்குக் கீழே இறங்கினால் கூட்டுவார்கள். இன்னொரு வகையினர் போலீஸ் செலக்‌ஷனுக்கும் ராணுவ ஆள்சேர்ப்புக்கும் தயாராகும் இளைஞர்கள். சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து பைக்கில் வந்து இறங்குவார்கள். சிலர் காலில் ஷூகூட இருக்காது. "மூச்சு வாங்குதுடா, கொஞ்சம் மெதுவாப் போ" என்பதுதான் அவர்களுடைய ஒரே அளவுகோல்.

இதில் எந்த அளவுகோலை நம்புவது என்பதை உடலியல் அறிஞர்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஆராய்ந்து வருகிறார்கள். அந்த ஆராய்ச்சியில் தெரிய வந்தவற்றை நம் கடற்கரை மாவட்டத்தின் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் பொருத்திப் பார்ப்பது அவசியம் என்று நினைக்கிறேன். குளிர் நாடுகளில் எழுதப்பட்ட பயிற்சி அட்டவணைகளை அப்படியே எடுத்துக்கொண்டு கடலூரிலும் சிதம்பரத்திலும் ஓடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். அவர்களில் பலர் பயப்பட வேண்டாத இடத்தில் பயப்படுகிறார்கள். சிலர் பயந்தே ஆக வேண்டிய இடத்தில் அசட்டையாக இருக்கிறார்கள்.

முதலில் துடிப்பு எதை அளக்கிறது என்று பார்த்துவிடலாம். ஓய்வில் இருக்கும்போது இதயம் ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 70 மி.லி. ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் 5 லிட்டர். உடம்பிலுள்ள மொத்த ரத்தமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். விரைந்து ஓடும்போது இந்த இறைப்பு நிமிடத்துக்கு 20 லிட்டரைத் தொடும். நன்கு பயிற்சி பெற்றவர்களுக்கு அதையும் தாண்டும். 1870-இல் அடால்ஃப் ஃபிக் என்ற ஜெர்மானிய உடலியலாளர் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார். உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனின் அளவைத் தெரிந்துகொள்ள வேண்டுமா? இதயம் இறைக்கும் ரத்தத்தின் அளவை, தமனி ரத்தத்துக்கும் சிரை ரத்தத்துக்கும் இடையிலுள்ள ஆக்சிஜன் வேறுபாட்டால் பெருக்க வேண்டும். இறைக்கும் அளவு என்பது துடிப்பின் எண்ணிக்கையை ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் ரத்தத்தால் பெருக்கினால் வருவது.

ஆக, இந்தக் கணக்கில் மூன்று எண்கள் இருக்கின்றன. வாட்ச் காட்டுவது அவற்றில் ஒன்றைத்தான். மற்ற இரண்டும் பெரிதாக மாறாமல் இருந்தால் துடிப்பைப் பார்த்தே உழைப்பைச் சொல்லிவிடலாம். குளிரூட்டிய ஆய்வகத்தில், இருபது நிமிட ஓட்டத்தில், அவை பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். மே மாதத்துக் கடலூரில், ஒரு மணி நேர ஓட்டத்தில், அப்படி இருக்காது.

வாட்ச் காட்டும் வண்ண வண்ண மண்டலங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பெரும்பாலான கருவிகளில் அவை '220-இலிருந்து வயதைக் கழி' என்ற சூத்திரத்திலிருந்து வருகின்றன. 1971-இல் ஃபாக்ஸ், நாட்டன், ஹாஸ்கல் ஆகியோர் எழுதிய கட்டுரையோடு பரவிய சூத்திரம் இது. முன்பே வெளியாகியிருந்த ஆய்வுகளின் புள்ளிகளை ஒன்றாக வைத்துப் பார்த்து உத்தேசமாக இழுத்த கோடு. முறையான புள்ளியியல் ஆய்விலிருந்து அது பிறக்கவில்லை என்பதை ராபர்க்ஸ், லாண்ட்வேர் என்ற இருவர் 2002-இல் விரிவாக எடுத்துக்காட்டினார்கள். அதற்கு முந்தைய ஆண்டில் தனாகாவும் அவரது குழுவினரும் 351 ஆய்வுகளைத் தொகுத்து வேறொரு சூத்திரம் தந்தார்கள்: 208-இலிருந்து வயதின் பத்தில் ஏழு பங்கைக் கழிக்க வேண்டும். நாற்பது வயதில் இரண்டு சூத்திரங்களுக்கும் விடை 180தான். அறுபது வயதில் பழைய சூத்திரம் 160 என்கிறது, புதியது 166 என்கிறது. இருபது வயதில் 200, 194.

சூத்திரத்தை மாற்றினாலும் பெரிய சிக்கல் தீராது. எந்தச் சூத்திரமானாலும் அது சராசரியைத்தான் தரும். ஒரே வயதுள்ளவர்களிடையே உச்சத் துடிப்பு 10 துடிப்பு ஏறியோ இறங்கியோ இருப்பது சாதாரணம். 20 துடிப்பு வேறுபடுகிறவர்களும் உண்டு. உச்சம் 195 உள்ள நாற்பது வயதுக்காரர் 160-இல் நிதானமாக ஓடிக்கொண்டிருப்பார். வாட்ச் சிவப்பு நிறம் காட்டும். உச்சம் 165 உள்ள இன்னொருவர் அதே 160-இல் உயிரைக் கொடுத்து ஓடிக்கொண்டிருப்பார். அவருக்கும் அதே சிவப்புதான்.

உணர்வை அளக்கும் முயற்சி ஸ்வீடனில் தொடங்கியது. குன்னார் போர்க் என்ற உளவியலாளர் 1960-களில் ஓர் எளிய அட்டவணை தயாரித்தார். உழைப்பு எவ்வளவு கடினமாகத் தோன்றுகிறது என்பதை 6-இலிருந்து 20 வரை ஓர் எண்ணால் சொல்ல வேண்டும். ஆறு என்றால் ஒன்றுமே இல்லை. பதினொன்று எளிது. பதின்மூன்று ஓரளவு கடினம், பதினைந்து கடினம், பதினேழு மிகக் கடினம். ஒன்றிலிருந்து தொடங்காமல் ஆறிலிருந்து தொடங்கியதற்குக் காரணம் இருந்தது. சொல்கிற எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஆரோக்கியமான இளைஞரின் இதயத்துடிப்பு ஏறத்தாழ வந்துவிடும். ஆறுக்கு 60, இருபதுக்கு 200. எண்களே இல்லாமல் உடல் உணர்வதும் கருவி அளப்பதும் பெரும்பாலான நேரம் ஒத்துப்போகின்றன என்பதுதான் அந்த அட்டவணையின் அடித்தளம். பின்னாளில் அவரே 0 முதல் 10 வரையிலான இன்னொரு அளவுகோலையும் உருவாக்கினார். இன்று பயிற்சியாளர்கள் பெரிதும் பயன்படுத்துவது பத்துவரை எண்ணும் அளவுகோலைத்தான்.

துடிப்புக்கும் உணர்வுக்கும் இடையிலான இந்த ஒற்றுமை எங்கே முறிகிறது என்பதுதான் சுவாரசியமான பகுதி. பலரும் "வெயிலில்தான் முறிகிறது" என்பார்கள். "போன வாரம் இதே ரோட்டுல, இதே வேகத்துல 150 காட்டிச்சு. இன்னைக்கு 168 காட்டுது. வாட்ச் கெட்டுப்போச்சா, உடம்பு கெட்டுப்போச்சா?" என்று சிதம்பரத்தில் ஓடுகிறவர்கள் கேட்பது வழக்கம். இரண்டும் கெடவில்லை என்பதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு கிலோமீட்டர் ஓட ஏறத்தாழ 60 கிலோ கலோரி செலவாகும். பத்து கிலோமீட்டருக்கு 600. அதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் இயக்கமாகிறது. மீதி 450 கிலோ கலோரி வெப்பமாக உடம்பிலேயே தங்குகிறது. அதை வெளியே அனுப்பியாக வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் 580 கிலோ கலோரி வெப்பத்தைக் கொண்டுபோகும். அப்படிப் பார்த்தால் முக்கால் லிட்டருக்குச் சற்று மேல் வியர்த்தாலே போதும்.

ஆனால் முழுவதும் ஆவியாக வேண்டும். கடற்கரையில் சிக்கல் இதுதான். வியர்வை ஆவியாவது தோலின் மேலுள்ள நீராவிக்கும் காற்றிலுள்ள நீராவிக்கும் இருக்கும் வித்தியாசத்தைப் பொறுத்தது. கடலை ஒட்டிய ஊர்களில் காற்றிலுள்ள நீராவி இரவு பகலென்று பெரிதாக மாறுவதில்லை. விடிகாலையில் வெயில் இல்லை, வெப்பநிலையும் சில டிகிரி குறைவு, அவை நல்லதுதான். நீராவி மட்டும் அப்படியே இருக்கிறது. கடற்காற்று வீசத் தொடங்கியிருக்காது என்பதால் காற்றும் அசைவதில்லை. சட்டை நனைந்து, முழங்கையிலிருந்து சொட்டி, ஷூவுக்குள் இறங்கும் வியர்வை உடம்பைக் குளிர்விக்காமலே வீணாகிறது. உடம்போ குளிர்ச்சி போதவில்லை என்று இன்னும் வியர்க்கிறது.

இதனால் இதயத்துக்கு இரட்டை வேலை. காலுக்கு அனுப்ப வேண்டிய ரத்தத்தில் ஒரு பகுதியை வெப்பத்தை வெளியேற்றுவதற்காகத் தோலுக்கும் அனுப்ப வேண்டியிருக்கிறது. வியர்த்த நீர் ரத்தத்திலிருந்து போனது என்பதால் சுற்றிவரும் ரத்தமும் குறைகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் அளவு சுருங்குகிறது. உடம்பின் சூடே நேரடியாகத் துடிப்பைக் கூட்டுகிறது; துடிப்பு கூடியதால் இதயம் நிரம்பக் கிடைக்கும் நேரம் குறைந்து, வெளியேறும் அளவு மேலும் சுருங்குகிறது என்று கோய்ல், கொன்சாலஸ் அலோன்சோ ஆகிய ஆய்வாளர்கள் 2001-இல் விளக்கினார்கள். உடல் எடையில் ஒரு விழுக்காடு நீராக வெளியேறினால் துடிப்பு சராசரியாக 3 கூடுகிறது. அறுபது கிலோ உள்ளவர் ஒன்றரை லிட்டர் வியர்த்தால் அதனால் மட்டுமே 7, 8 துடிப்பு ஏறிவிடும். இப்படி வேகம் மாறாமல் இருக்கும்போதே துடிப்பு மெல்ல மெல்ல ஏறுவதை இதயத்துடிப்பின் நகர்வு என்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் வெயிலில் துடிப்பைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம், பழைய வேகத்திலேயே ஓடலாம்" என்று சிலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். இணையக் காணொளிகளிலும் இந்த அறிவுரை அடிபடுகிறது. இது தவறு, ஆபத்தும்கூட. அமெரிக்காவில் ஜொனாதன் விங்கோவும் சக ஆய்வாளர்களும் 2005-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. 35 டிகிரி வெப்பத்தில் சைக்கிள் ஓட்டியவர்களின் துடிப்பு 15-ஆவது நிமிடத்துக்கும் 45-ஆவது நிமிடத்துக்கும் இடையில் 12 விழுக்காடு ஏறியது. அதே இடைவெளியில் அவர்களது உடல் அதிகபட்சமாகப் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் அளவு 19 விழுக்காடு இறங்கியிருந்தது. வேகம் மாறவில்லை, ஆனால் உடலின் உச்சத் திறன் கீழே வந்துவிட்டது. முதலில் தன் திறனில் அறுபது பங்கைச் செலவிட்ட ஒருவர், இப்போது அதே வேகத்துக்கு எழுபதுக்கும் மேல் செலவிடுகிறார். ஏறிய துடிப்பு அந்த உண்மையைத்தான் சொல்கிறது. அந்த நேரத்தில் ஓடுகிறவரைக் கேட்டால் அவரும் "முன்னைவிடக் கஷ்டமா இருக்கு" என்றுதான் சொல்வார்.

ஆகவே கடலூர் வெயிலில் துடிப்பும் உணர்வும் ஒரே பக்கம் நின்று சாட்சி சொல்கின்றன. நம்மை ஏமாற்றுவது கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்ற வேகக் கணக்குதான். கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் ராஸ் டக்கரும் குழுவினரும் 2004-இல் செய்த ஆய்வில், 35 டிகிரியில் சைக்கிள் ஓட்டியவர்கள், உடல் வெப்பம் இன்னும் அபாயமாக ஏறாத நிலையிலேயே தங்களை அறியாமல் உழைப்பைக் குறைத்துக்கொண்டார்கள். வரப்போகும் சூட்டை மூளை முன்கூட்டியே கணித்து, தசைகளைத் தூண்டுவதைக் குறைக்கிறது. "இன்னைக்கு என்னமோ கால் வரல" என்று நாம் சொல்லும் நாட்களில் பல இப்படிப்பட்டவை. அந்த நாளில் காலைத் திட்ட வேண்டாம், அது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது.

பத்திலிருந்து பதினான்கு நாட்கள் தொடர்ந்து வெயிலில் நிதானமாக ஓடினால் உடல் பழகும். ரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகும், வியர்வை சீக்கிரமே தொடங்கும், அதே வேகத்துக்குத் துடிப்பு இறங்கும். மார்கழியில் பயிற்சி எடுத்துவிட்டு இடையில் விட்டு, திடீரென்று அக்னி நட்சத்திரத்தில் திரும்ப வருகிறவர்களுக்கு இந்தப் பழக்கம் போயிருக்கும். அவர்கள்தான் மிகவும் கவனமாக இருக்க வேண்டியவர்கள்.

உணர்வு என்று சொல்கிறோமே, அதில் எதைக் கவனிப்பது? கால் வலியையா, நெஞ்சின் படபடப்பையா, தலைச் சூட்டையா? ஆய்வுகள் மூச்சைச் சுட்டுகின்றன. நிக்கோலோ, மார்க்கோரா, சக்கெட்டி ஆகியோர் 2016 வாக்கில் வெளியிட்ட ஆய்வில், நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறோம் என்பது உழைப்பை எவ்வளவு கடினமாக உணர்கிறோம் என்பதோடு மிக நெருக்கமாகச் சேர்ந்து நகர்வது தெரிந்தது.

சிதம்பரத்துக்காரர்களுக்கு மூச்சை எண்ணுவது புதிதல்ல. நடராசர் கோயிலின் பொற்கூரையில் 21,600 பொன் ஓடுகள் வேயப்பட்டிருப்பதாகவும், அது மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சுகளின் எண்ணிக்கை என்றும் மரபு சொல்கிறது. ஒரு நாளுக்கு 1,440 நிமிடங்கள். வகுத்துப் பார்த்தால் நிமிடத்துக்குச் சரியாக 15 மூச்சு. ஓய்வில் இருக்கும் பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு என்கிறது இன்றைய மருத்துவம். அந்த வரம்பின் நடுவில் வந்து விழுகிறது கோயில் கணக்கு. இந்த ஒற்றுமை எனக்கு மிகவும் பிடிக்கும். சொந்த மூச்சைக் கவனித்த ஒரு மரபு நம் ஊரிலேயே இருக்கும்போது, அந்தக் கவனத்தை ஓட்டத்துக்கும் கொண்டுவருவது கடினமாக இருக்கக் கூடாது.

பதினைந்தாக இருக்கும் மூச்சு கடும் ஓட்டத்தில் நிமிடத்துக்கு 40, 50 என்று ஏறும். இந்த ஏற்றம் நேர்கோட்டில் போவதில்லை. நிதானமான ஓட்டத்தில் மூச்சு உழைப்புக்கு ஏற்ப மெல்லக் கூடிக்கொண்டு வரும். ஒரு கட்டத்தில் தசைகள் லாக்டேட்டையும் அமிலத்தன்மையையும் வேகமாக உருவாக்கத் தொடங்கும். ரத்தத்திலுள்ள பைகார்பனேட் அந்த அமிலத்தைச் சமன்செய்யும்போது கூடுதலாகக் கரியமில வாயு உண்டாகிறது. அதை வெளியேற்ற மூச்சு சட்டென்று ஒரு படி ஏறுகிறது. ஆய்வகத்தில் முகமூடி மாட்டி, வாயுக்களை அளந்து கண்டுபிடிக்கும் எல்லைக்கோடு இது. அதையே பேச்சாலும் கண்டுபிடித்துவிடலாம். பேசுவதற்கு நீளமாக மூச்சை வெளியே விட வேண்டும், அந்த எல்லையைத் தாண்டியவரால் அது முடியாது. முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் எல்லைக்குக் கீழே இருக்கிறோம். நாலைந்து சொற்களுக்கு ஒருமுறை மூச்சு இழுக்க வேண்டியிருந்தால் எல்லையை நெருங்கிவிட்டோம். ஒற்றைச் சொல்லுக்குமேல் வரவில்லை என்றால் தாண்டிவிட்டோம். இந்தப் பேச்சுச் சோதனை ஆய்வக அளவீட்டோடு நன்றாகவே ஒத்துப்போகிறது என்று கார்ல் ஃபாஸ்டரும் வேறு பலரும் காட்டியிருக்கிறார்கள். "பேசிக்கிட்டே ஓடுங்கடா" என்று நம் ஊர் பி.டி. வாத்தியார்கள் சொன்னது முழுக்க அறிவியல்.

உணர்வுக்கும் பலவீனங்கள் உண்டு. 2009-இல் மார்க்கோராவும் இரு சக ஆய்வாளர்களும் பதினாறு பேரை ஒரு நாள் 90 நிமிடம் கணினி முன் மூளையைக் களைப்பாக்கும் வேலை செய்யவைத்து, பிறகு களைத்து விழும்வரை சைக்கிள் மிதிக்கச் செய்தார்கள். இன்னொரு நாள் அதே நேரம் சாதாரணப் படம் பார்க்கவைத்து மிதிக்கச் செய்தார்கள். படம் பார்த்த நாளில் சராசரியாக 754 விநாடி தாங்கினார்கள், மூளை களைத்த நாளில் 640 விநாடிதான். இதயத்துடிப்பிலோ ஆக்சிஜன் பயன்பாட்டிலோ அந்த வித்தியாசத்தை விளக்கும் மாற்றம் இல்லை. கடினமாக இருக்கிறது என்ற உணர்வுதான் தொடக்கத்திலிருந்தே ஒரு படி மேலே இருந்தது. நாள் முழுக்க அலுவலகத்தில் கணக்குப் பார்த்துவிட்டு மாலையில் மைதானத்துக்கு வருகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த மாலைகளில் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, துடிப்பைப் பார்த்தால் அது தெரியும்.

போட்டியில் இதற்கு நேர்மாறாக நடக்கும். துப்பாக்கிச் சத்தமும் கூட்டமும் சேர்ந்து முதல் கிலோமீட்டரைச் சுலபமாக உணரவைக்கும். புதிதாக ஓடத் தொடங்கியவர்களுக்கோ எளிது என்றால் எப்படி இருக்கும் என்பதே தெரியாது. அவர்கள் நினைக்கும் எளிது மற்றவர்களுக்கு ஓரளவு கடினம். உலகத் தரத்து நெடுந்தொலைவு வீரர்கள் தங்கள் பயிற்சியில் ஐந்தில் நான்கு பங்கை நிதானமாகத்தான் செய்கிறார்கள் என்று ஸ்டீபன் சைலர் என்ற ஆய்வாளர் பல ஆண்டுகளாக எழுதி வருகிறார். புதியவர்கள் ஐந்து நாளும் நடுத்தர வேகத்தில் முக்கி முக்கி ஓடி, மூன்றாம் மாதம் முழங்கால் வலியோடு நின்றுவிடுகிறார்கள். வாட்ச் உண்மையிலேயே கைகொடுக்கும் இடம் இது. நிதான நாளில் ஓர் எல்லையைத் தாண்டாமல் பிடித்துவைக்க அது உதவும்.

அது சரியாக அளக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். வாட்ச்சின் அடியில் மின்னும் பச்சை ஒளியை ரத்தம் உறிஞ்சுகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தம் கூடிக் குறையும்போது திரும்பி வரும் ஒளியும் மாறுகிறது. கை ஆடும்போது, வியர்வையில் பட்டை வழுக்கும்போது இந்தச் சமிக்ஞை குழம்பும். ஓடும்போது நிமிடத்துக்கு 160, 170 அடி வைக்கிறோம், துடிப்பும் அதே அளவில் இருக்கக்கூடும் என்பதால் சில நேரம் கருவி காலடியை எண்ணிவிட்டு அதைத் துடிப்பு என்று காட்டிவிடுகிறது. கறுத்த தோலில் பிழை கூடுமா என்ற கவலை நம்மில் பலருக்கு உண்டு. 2020-இல் 53 பேரிடம் நடந்த ஓர் அமெரிக்க ஆய்வில் தோல் நிறத்தால் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஆனால் ஓய்வைவிட அசைவின்போது பிழை சராசரியாக 30 விழுக்காடு கூடியது. நெஞ்சில் கட்டும் பட்டை இதயத்தின் மின் சமிக்ஞையையே நேரடியாகப் பிடிப்பதால் அது எவ்வளவோ மேல். வாங்க முடிந்தவர்கள் பட்டையையே வாங்கட்டும். முடியாதவர்கள், நின்றவுடன் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினாலும் போதும்.

துடிப்பை எண்ணுவதில் எனக்கு இன்னொரு அக்கறையும் இருக்கிறது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. ஃபிக் போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள். ரத்தம் சுமக்கும் ஆக்சிஜன் குறைந்தால், அதே வேலைக்கு இதயம் கூடுதலாக இறைக்க வேண்டும். மெல்ல ஓடினாலே துடிப்பு எகிறுகிறது, படியேறினாலே மூச்சு வாங்குகிறது என்றால் "எனக்கு ஸ்டாமினா இல்லை" என்று சொந்த உடம்பைக் குறை சொல்லிக்கொள்ளாமல் ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துவிட வேண்டும். காய்ச்சல், தூக்கமின்மை, தைராய்டு கோளாறு ஆகியவையும் துடிப்பை ஏற்றும். காலையில் படுக்கையை விட்டு எழும் முன் எண்ணும் துடிப்பு, வழக்கத்தைவிட 7, 8 கூடியிருந்தால் அன்று ஓட்டத்தை விட்டுவிடலாம். மறுபக்கம், ரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால், மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் துடிப்பு அவ்வளவாக ஏறாது. 120-இல் அவர்கள் தங்கள் எல்லையில் இருப்பார்கள், வாட்ச் பச்சை காட்டிக்கொண்டிருக்கும். அவர்கள் எண்ணை மறந்துவிட்டு மூச்சை மட்டும் கேட்க வேண்டும்.

தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்களுக்கு இரண்டு அளவுகோலுமே போதாது. தமிழ்நாடு காவல்துறை இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். துடிப்பு உழைப்புக்குப் பின்னால் வருவது. வேகம் கூட்டிய பிறகு அது ஏறி நிலைக்கவே ஒன்றிரண்டு நிமிடம் ஆகும், அதற்குள் முதல் சுற்று முடிந்திருக்கும். உணர்வும் முதல் சுற்றில் ஏமாற்றும். அமிலம் சேரும்வரை எல்லாம் சுலபம்தான். 400 மீட்டர் சுற்றுக்கு 112 விநாடி என்பதை மனப்பாடமாக்கி, ஒவ்வொரு சுற்றையும் சாதாரணக் கடிகாரத்தில் பார்த்து ஓடுவதே வழி. முதல் சுற்றை 85 விநாடியில் ஓடிவிட்டு மூன்றாம் சுற்றில் நடக்கிறவர்கள், கடலூர் அண்ணா விளையாட்டரங்கானாலும் வேறு எந்த மைதானமானாலும், திறமை இல்லாமல் தோற்பதில்லை.

மணலில் ஓடுவது வேறு கதை. மென்மணலில் ஓட, கெட்டித் தரையைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு ஆற்றல் செலவாகிறது என்று 1998-இல் பெல்ஜியத்தில் லெஜூன் குழுவினர் அளந்தார்கள். வெள்ளிக் கடற்கரையின் உலர்மணலில் ஓடிவிட்டு, வேகம் குறைந்ததே என்று வருந்த வேண்டாம். அங்கே மூச்சுதான் கணக்கு.

என் தீர்ப்பு இது. கடலூரிலும் சிதம்பரத்திலும் உடல்நலத்துக்காக ஓடுகிறவர்களுக்கு மூச்சும் உணர்வும் முதல் அளவுகோல், துடிப்பு அதைச் சரிபார்க்கும் இரண்டாம் அளவுகோல். பயிற்சிச் சுமையைக் கணிப்பதில் விளையாட்டு வீரர்கள் தாங்களே சொல்லும் உணர்வு, கருவிகளும் ரத்தப் பரிசோதனைகளும் தருவதைவிட நுட்பமாகவும் சீராகவும் இருக்கிறது என்று 56 ஆய்வுகளைத் தொகுத்து அன்னா சா என்பவரும் சக ஆய்வாளர்களும் வந்த முடிவும் இதை ஆதரிக்கிறது. வாட்ச் இல்லாதவர்கள் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். ஓடி முடித்து அரை மணி கழித்து, இன்று எவ்வளவு கடினமாக இருந்தது என்று பத்துக்கு ஓர் எண் போட்டு, ஓடிய நிமிடங்களால் பெருக்கி எழுதுங்கள். நாற்பது நிமிடம், கடினம் நான்கு என்றால் 160. வாரக் கூட்டுத்தொகை திடீரென்று எகிறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கார்ல் ஃபாஸ்டர் தந்த முறை இது. உலகெங்கும் தொழில்முறை அணிகள் பயன்படுத்துகின்றன, காசு செலவில்லை.

ஒரு நிலையில் மட்டும் உணர்வை நம்பவே கூடாது. உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தொடும்போது பாதிக்கப்படுவது மூளை. "எனக்கு ஒண்ணும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே தள்ளாடுவார், பேச்சு குழறும், இருக்கும் இடம் தெரியாது. கூட ஓடுகிறவர்கள்தான் கவனித்து நிறுத்த வேண்டும். நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பு முழுக்கக் குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும். ஓடும்போது நெஞ்சை அழுத்தும் வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, தலைசுற்றல் வந்தால் வாட்ச் என்ன காட்டினாலும் நின்று, அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மே மாதத்தில் கடற்கரையில் தனியாக ஓடாதீர்கள்.